தொடர்பு எண்: அப்பாவுடையது

1

என்னிடம் கேட்டது கதையல்ல, கட்டுரை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்பு மையம் ஆண்டு மலர் போடுகிறது. அங்கிருந்து ஒருவர் போனில் பேசினார். “வேலைக்கு விண்ணப்பிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள், மேடம். பத்துப் பாயிண்ட். ஒன்றரைப் பக்கம். கொஞ்சம் சிரிக்கிற மாதிரி.”

“நான் எந்த வேலைக்கும் விண்ணப்பித்ததே இல்லையே.”

“அப்பத்தான் மேடம் நடுநிலையா இருக்கும்.”

உட்கார்ந்தேன். முதல் தவறு: எழுத்துப் பிழை. இரண்டாம் தவறு: பொருத்தமில்லாத புகைப்படம். மூன்றாம் தவறு என்று எழுதிப் புள்ளி வைப்பதற்குள் ஒரு பெண்குரல் குறுக்கே வந்தது.

“அப்பா, என்னையக் கேட்டு எத்தன பேருப்பா கூப்ட்டாங்க?”

எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும். முகம் வராது, ஊர் வராது. யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பின்னாலேயே போய் ஆள் யார், வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வர வேண்டும்.

அந்தக் கேள்விக்கு ஓர் ஆண்குரல், கொஞ்சமும் கூச்சமில்லாமல், “ஏழு பேரு” என்றது.

கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

2

தொடக்கம் வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) நிலக்கோட்டையைச் சுற்றிய மல்லிகைத் தோட்டங்களின் நடுவே, கண்களில் ஆயிரம் கனவுகளோடு ஜீவிதா பேருந்துக்காக—

(வேண்டாம். கண்ணில் கனவோடு யாரும் பஸ்ஸுக்கு நிற்பதில்லை. பஸ் வருகிறதா என்று பார்ப்பார்கள்.)

ஆ) போட்டி நிறைந்த இன்றைய உலகில்—

(கட்டுரையின் மிச்சம். ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.)

இ) பதினோரு விண்ணப்பம் போட்டும் ஜீவிதாவை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

பதினோரு விண்ணப்பம் போட்டும் ஜீவிதாவை ஒருத்தரும் கூப்பிடவில்லை. வேதியியல் முடித்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது; மற்ற பதினொன்றையும் அதற்கு ஒத்திகை என்றே சொல்லலாம். நிலக்கோட்டைக்கு வெளியே இருக்கும் செண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. ஒரே ஓர் இடம்.

அந்தக் கம்பெனிக்குள் அவள் ஒருமுறை போயிருக்கிறாள், கல்லூரியிலிருந்து பார்க்கக் கூட்டிப் போனார்கள். கூடை கூடையாகப் போன மல்லிகை கடைசியில் மெழுகுபோல ஒரு சின்னக் கட்டியாகக் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஒரு காகிதத் துண்டில் எதையோ தொட்டு, கண்ணை மூடி முகர்ந்து, நோட்டில் ஒரு வரி எழுதினாள். அவள் எழுதிய பிறகுதான் மற்றவர்கள் நகர்ந்தார்கள்.

ஜீவிதாவின் வீட்டில் பூ உண்டு; விடியுமுன் பறித்தாக வேண்டிய பூ, வாடுமுன் விற்றாக வேண்டிய பூ. அதை நின்று முகர யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் தான் நிற்க வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. அதைவிடப் பெரிதாக அவள் எதையும் கேட்கவில்லை.

3

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பாஸிலாவின் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். பாஸிலா, ஜீவிதாவோடு படித்தவள். அண்ணன் இல்லாத நேரத்தில் கடை அவளுடையது. பன்னிரண்டாவதை அனுப்பும் முன் பழைய விண்ணப்பத்தைத் திறந்து வைத்து ஆராய்ச்சி நடந்தது.

“ஏண்டி, இது எந்தக் கல்யாணத்துல எடுத்த போட்டோ?”

“சித்தி பொண்ணு கல்யாணம்.”

“தோள்ல ஒரு கை இருக்கே, அது யாரு?”

“சித்திதான். தலைய வெட்டிட்டேன். கை வர மாட்டேன்னுருச்சு.”

“பாக்குறவங்க உன்னையப் போலீஸ் புடிச்சிட்டுப் போகுதுன்னுல நெனப்பாங்க. இந்த மெயில் ஐடி யாரு வச்சது, ஜீவிக்குட்டி பிரின்சஸ்?”

“எட்டாவது படிக்கையில வச்சதுடி.”

“எட்டாவதோட விட்டுருக்கணும். சரி, இதக் கேளு. ‘புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து என் திறமைகளை...’ இதே வரியத்தான் எங்க அண்ணனும் போட்டான். அவன் கூட்டாளியும் போட்டான். அவன் இப்ப புரோட்டா மாஸ்டர்.”

“அதுவும் சவாலான பணிதான?”

“வாய் மட்டும் இருக்கு. பொழுதுபோக்கு, கோலம் போடுதல். எத்தன புள்ளிக் கோலம்டி போடுவ?”

“மூணு.”

“தூக்கு அத. யா அல்லா, இது என்னது? செண்ட் கம்பெனிக்குப் போற லெட்டர்ல ‘தங்கள் நூற்பாலையின் வளர்ச்சியில்’னு இருக்கு!”

இருவரும் சிரித்துச் சிரித்து, தட்டச்சுக்கு வந்திருந்த ஒருவர் எழுந்து போய்விட்டார்.

பாஸிலா அவளைச் சுவரோரம் நிறுத்தி வேறு படம் எடுத்தாள். புதிய மெயில் ஐடி வந்தது. கோலம் போனது, நூற்பாலை போனது. ஆய்வுக்கூடத்தில் தான் உண்மையாகவே என்னென்ன செய்திருக்கிறாள் என்று நான்கு வரி ஜீவிதாவே சொல்லச் சொல்ல ஏறியது. எல்லாம் முடிந்து பாஸிலா மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

“நம்பரு?”

“அதான் போட்டுருக்குல்ல.”

அனுப்பியாயிற்று.*

* மலர்க்காரர்களே, இதுவரை ஐந்து தவறுகள். ஆறாவதை வாசகருக்கு மட்டும் காதில் சொல்கிறேன். அந்த எண் ஜீவிதாவுடையது அல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து உதவித்தொகைப் படிவம், பஸ் பாஸ், பரீட்சைப் படிவம் எதிலும் ‘தொடர்பு எண்’ என்ற கட்டத்தைக் கண்டால் அவள் கை அப்பாவின் எண்ணைத்தான் எழுதும். அதுதான் அவளுக்கு மனப்பாடம். தன் எண் தெரியாது; ரீசார்ஜ் செய்யப் போனால் பாஸிலாவுக்குப் போன் போட்டுக் கேட்பாள். பாஸிலாவோ அவளைப் பெயரால் சேமித்து வைத்திருக்கிறாள். தோழியின் எண்ணை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? பன்னிரண்டு விண்ணப்பத்திலும் இருந்தது அதே எண்.

4

ஜீவிதாவின் தோளுக்குப் பின்னாலேயே நின்று இந்தக் கதையைச் சொல்வதென்று எனக்குள் ஒரு விதி வைத்திருந்தேன். அடுத்து நடந்ததோ ஒரு திங்கட்கிழமைக் காலையில், நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில். அவள் அங்கே இல்லை. ஒரே ஒரு பக்கத்துக்கு விதியை மீறிக்கொள்கிறேன்.

காமராஜுக்கு, அதாவது ஜீவிதாவின் அப்பாவுக்கு, போன் வந்தது. பக்கத்தில் தராசுச் சத்தம், ஆள் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

“ஹலோ, ஜீவிதாங்களா?”

“அவ அப்பா பேசுறேன். யாரு?”

“செண்ட் கம்பெனியிலருந்து பிரிஸ்கில்லா பேசுறேன் சார், ஹெச்.ஆர். உங்க பொண்ணு லேப் வேலைக்கு அப்ளை பண்ணிருக்காங்க. அவங்ககிட்ட பேசலாமா?”

“எங்கிட்டயே பேசுங்க. அவ வேற, நான் வேறயா?”

“புதன்கிழமை காலைல பத்து மணிக்கு இன்டர்வியூ சார். அவங்க வரணும்.”

“எத்தன பேர வரச் சொல்லிருக்கீக?”

“ஆறு பேர்.”

“எடுக்கப்போறது?”

“ஒருத்தர.”

“அப்ப எங்க பிள்ள மேல உங்களுக்கு அம்புட்டு நிச்சயமில்ல.”

“அப்படி இல்ல சார், எல்லாருக்குமே இதுதான்...”

“போன மாசம் பூ மலிஞ்சு கெடந்தப்ப உங்க வண்டிதான வந்து அள்ளிட்டுப் போச்சு? நான் கேட்ட வெலையக் குடுத்தீகளா?”

“அது பர்ச்சேஸ் சார். நான் ஹெச்.ஆர்.”

“ரெண்டு பேருக்கும் வாசக் கேட்டு ஒண்ணுதான?”

“சார், அவங்க வருவாங்களா, மாட்டாங்களா?”

“யோசிச்சுச் சொல்றோம்.”

சொல்லிவிட்டு, நல்ல வியாபாரம் தொடங்கிய திருப்தியோடு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காமராஜின் வழக்கம் அது. முதல் கேள்விக்கே தலையாட்டினால் பூவில் ஏதோ கோளாறு என்று வாங்குகிறவன் நினைப்பான். வேண்டாதவன் போய்விடுவான், வேண்டியவன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான். மூன்றாம் முறை வந்து கேட்கிறவனுக்குத்தான் அவர் கூடையை நகர்த்துவார். அப்படி விற்றுத்தான் வீடு கட்டினார், அப்படி விற்றுத்தான் மகளைப் படிக்க வைத்தார்.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் வந்தது. கதைக்கு வசதியாக இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு வேலை என்று மீசையை முறுக்கியபடி காமராஜ்—’

“ஏம்மா, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” குரல் உடனே வந்துவிட்டது.

“கதைக்கு ஒரு வில்லன் வேண்டியிருக்கிறது, காமராஜ்.”

“அதுக்கு நாந்தான் கெடச்சனா? கெமிஸ்ட்ரின்னா என்னன்னு தெரியாமலே மூணு வருசம் ஃபீஸ் கட்டுனது யாரு? லேப் கோட்டு கிழிஞ்சு போச்சுன்னு சொன்ன அன்னைக்கே டவுனுக்குப் போயி வேற எடுத்துட்டு வந்தது யாரு?”

“பிறகு ஏன் போன் வந்ததை அவளிடம் சொல்லவில்லை?”

“படியாத யாவாரத்த வீட்டுல போயி யாரும்மா சொல்லிக்கிட்டு இருப்பா? படிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

மீசை வாக்கியத்தை அடித்தேன். அடித்தது தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன். அவருக்கு மீசையே கிடையாது.

5

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். விதிக்குத் திரும்பிவிட்டேன், ஜீவிதாவுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.

பாஸிலா போனில் அலறினாள். “ஏய், செண்ட் கம்பெனிக்கு நாளைக்கு இன்டர்வியூவாம்டி! நம்ம கிளாஸ் நர்கீஸுக்கு நேத்தே கால் வந்துருச்சாம். உனக்கு?”

“வரல,” என்றாள் ஜீவிதா. போனை வைத்துவிட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அம்மா ராமுத்தாய் சோற்றைப் போட்டு வெஞ்சனத்தை நகர்த்தினாள். காமராஜ் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன வரல பாப்பா?”

“செண்ட் கம்பெனியிலருந்து போன்பா. மத்தவங்களுக்கெல்லாம் வந்துருச்சாம்.”

“நேத்தே வந்துச்சே.”

“யாருக்கு?”

“எனக்கு.”

அவள் கை சோற்றில் நின்றது.

“என்னப்பா சொன்னீங்க?”

“யோசிச்சுச் சொல்றோம்னேன்.”

நான் முதலில் கேட்ட குரல் இங்கேதான் எழுந்தது.

“அப்பா, என்னையக் கேட்டு எத்தன பேருப்பா கூப்ட்டாங்க?”

காமராஜ் இடதுகை விரலை மடக்கினார். “மில்லு ரெண்டு. அந்த மருந்துக் கம்பெனி. பால் பண்ணை. பள்ளிக்கூடம் ஒண்ணு. தண்ணி டெஸ்ட் பண்றவன் ஒருத்தன். இது. ஏழு பேரு.”

“ஏழு பேருக்கும்?”

“அதேதான் சொன்னேன். திரும்பக் கூப்புடுவாகன்னு பாத்தேன். ஒருத்தனும் கூப்புடல. அம்புட்டுத்தான் அவுக ஆசை.”

பத்து மாதமாக ஜீவிதா தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தாள். மதிப்பெண்ணில் தேடினாள், ஆங்கிலத்தில் தேடினாள், சித்தியின் கையில்கூடத் தேடினாள். இப்போது பார்த்தால் அந்தக் கையோடு சேர்த்தே ஆறு பேர் அவளைக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்களிடம் அவளுக்காகப் பேசியது இந்த வீட்டுக் குரல்.

(மலர்க்காரர்களே, சித்தியின் கையோடும் ஆறு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் பத்துப் பாயிண்டை நான் என்ன செய்வது?)

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லப்பா.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் காமராஜுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீதான பாப்பா என் நம்பரப் போட்ட? அவுககிட்ட நீங்களே பேசுங்கன்னு பொறுப்ப எங்கிட்டக் குடுத்திருக்கன்னுல நெனச்சேன்.”

தன் கையே எழுதிய எண். அவள் எழுதியதை அவர் நம்பியிருக்கிறார்.

ராமுத்தாய்தான் பேசினாள். “என்னையப் பொண்ணு கேட்டு வந்தப்பவும் எங்கப்பாரு ‘யோசிச்சுச் சொல்றோம்’னுதான் சொன்னாரு. இந்த மனுசன் நாலு தடவ வந்தாரு. அதான் ஊருல எல்லாரும் வருவாகன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு.”

“ஏய், நீ செத்த சும்மா இரு,” என்றார் காமராஜ். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்தார். “சரி. நானே கூப்புட்டுப் பேசுறேன். நாளைக்கு வாரோம்னு சொல்லிர்றேன்.” அவர் குரல் இறங்கியிருந்தது. விட்டுப் போன ஆளைத் தேடிப் போய் அவர் இதுவரை விற்றதில்லை.

“வேணாம்ப்பா. அவங்க நம்பர மட்டும் எடுத்துக் குடுங்க.”

தன் போனில் அவளே அழுத்தினாள். கம்பெனியின் தரைவழி எண் அது. மணி ஆறு. மூன்று முறை அடித்தபின் பிரிஸ்கில்லாவே எடுத்தார்.

“மேடம், நான் ஜீவிதா.”

“எந்த ஜீவிதா?”

அவள் ஒரு கணம் யோசித்தாள். “யோசிச்சுச் சொல்றோம்னு சொன்ன ஜீவிதா.”

அந்தப் பக்கம் பிரிஸ்கில்லா சிரித்துவிட்டார். “யோசிச்சாச்சா?”

“நான் யோசிக்கவே இல்ல மேடம். எங்கிட்டக் கேட்டிருந்தீங்கன்னா அப்பவே வர்றேன்னு சொல்லிருப்பேன். தப்பு என்னோடதுதான். எங்க அப்பா நம்பரப் போட்டுட்டேன்.”

“உங்க பேர அடிச்சுட்டு வேற ஒருத்தரச் சொல்லியாச்சேம்மா.”

“ஏழாவதா வர்றேன் மேடம். எல்லாரும் முடிஞ்சப்புறம் நேரமிருந்தாப் பாருங்க. இல்லைன்னா திரும்பிப் போயிர்றேன்.”

காகிதம் புரளும் சத்தம். “நான் உறுதி எதுவும் சொல்ல மாட்டேன். வாங்க. உங்க நம்பர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

ஜீவிதா வாயைத் திறந்தாள். மூடினாள். கதவோரம் நின்ற காமராஜுக்குப் புரிந்துவிட்டது. தன் போனை எடுத்து, ‘பாப்பா’ என்று சேமித்திருந்ததைத் தேடி, கண்ணைச் சுருக்கி, ஒவ்வோர் எண்ணாக மெதுவாக வாசித்தார். அவர் வாசிக்க வாசிக்க அவள் பிரிஸ்கில்லாவுக்குச் சொன்னாள். பத்தாவது எண்ணைச் சொல்லி முடித்ததும் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

6

முடிவு வேண்டும். இதற்கும் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) வேலை கிடைக்கிறது. பாஸிலா ஹல்வா வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள். விடாமுயற்சியும் சரியான தொடர்பு எண்ணும் இருந்தால்—

(மலருக்கு இதுதான் பிடிக்கும். எனக்குப் பல் கூசுகிறது.)

ஆ) நர்கீஸுக்குக் கிடைக்கிறது. அவளுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. அவளும் நன்றாகப் படித்தவள். ஜீவிதா திரும்பி வரும் வழியில்—

(நியாயமான முடிவு. ஆனால் எழுதும்போது காமராஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். என்னால் அவரை அப்படி வெகுதூரம் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை.)

இ) கம்பெனி வாசலில் பர்ச்சேஸ் மேனேஜர் காமராஜோடு வாய்கொடுத்துத் தோற்று, கடைசியில் அவரையே பூ வாங்கும் வேலைக்கு—

(“இது நல்லாருக்கேம்மா!” என்கிறார் காமராஜ். உங்களைக் கேட்கவில்லை.)

நடந்த வரைக்கும் சொல்கிறேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு முன்பே அவள் போய்விட்டாள். காமராஜும் துணைக்கு வந்தார். வாட்ச்மேன், “இன்டர்வியூவா? யாருக்கு?” என்று கேட்டதற்கு, வந்த பதிலை விழுங்கிவிட்டு மகளைப் பார்த்தார். “எனக்கு,” என்றாள் ஜீவிதா. அவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

ஆறு பேரும் உள்ளே போய் வந்தார்கள். நர்கீஸ் வெளியே வந்து, “ஈஸிதான், பயப்படாத,” என்று சொல்லிவிட்டுப் போனாள். மணி ஒன்று அடித்தது. யாரோ சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். இனி இல்லை என்று அவள் பையை எடுத்தபோது பிரிஸ்கில்லா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“ஏழாவது ஆள் இருக்கீங்களா? வாங்க.”

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். உட்காரச் சொன்னார்கள். விண்ணப்பத்தைப் புரட்டினார்கள். பிரிஸ்கில்லா பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்களப் பத்திச் சொல்லுங்க ஜீவிதா.”

நான் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். எல்லாக் குரலும் கேட்டது. வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்து, “எங்க பிள்ள ரொம்பக் கெட்டிக்காரிங்க.” திண்டுக்கல்லிலிருந்து, “சவாலான பணின்னு மட்டும் சொல்லித் தொலைச்சிராதடி.” அடுப்படியிலிருந்து, “சாப்புட்டுட்டுப் போச்சா அந்தப் பிள்ள?” அவள் குரலை மட்டும் காணோம்.

காத்திருந்த நேரத்தில் என் பேனா அழகான பதில் ஒன்றை எழுதிவிட்டது: ‘எங்கள் வீட்டில் பூவை நின்று முகர யாருக்கும் நேரம் இருந்ததில்லை, மேடம். எனக்கு அந்த நேரம் வேண்டும்.’ படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். வேலையும் கிடைத்திருக்கும்.

ஆனால் அது என் பதில். ஏழு முறை அவளுக்கு வந்த கேள்வியை இன்னொருவர் எடுத்துப் பேசியாயிற்று. அன்பில்தான் பேசினார், சாமர்த்தியமாகவும் பேசினார். எட்டாவதாக நானும் எடுக்கவா? அந்த வரியை அடித்துவிட்டேன். உங்களிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். என்னுடையதைவிட நல்லதாகவே இருக்கலாம். தயவுசெய்து அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதோ, தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.

“நான்...” என்று தொடங்குகிறாள் ஜீவிதா.

நாம் எழுந்துகொள்வோம். வெளியே வரும்போது சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.